படிக்கட்டில் ஒரு சோபா

நான் நாத்தனார். நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் குற்றப்பத்திரிகைதான் வரும் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த சண்டைகளை எண்ணக் கைவிரல் போதாது. அதில் முக்கால்வாசி நான் ஆரம்பித்தவை. இருந்தாலும் எனக்கு என் அண்ணனைவிட அண்ணியைத்தான் பிடிக்கும். இதை அண்ணன் படித்தால் படிக்கட்டும்.

அண்ணிக்கு வேலை, கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. இரண்டே கார் உள்ள சின்னப் பயிற்சிப் பள்ளி. வெள்ளைக் கார் அண்ணியுடையது. அதாவது பள்ளியுடையதுதான், ஆனால் அதை வேறு யாராவது எடுத்துவிட்டால் அன்றைக்கு அண்ணி யாருக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பழக வருபவர் ஸ்டியரிங் முன்னால் உட்காருவார், அண்ணி பக்கத்து இருக்கையில். அண்ணியின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பதினாறு வருடமாக அதை மிதித்து மிதித்து, எந்தச் செருப்பு வாங்கினாலும் வலது கால் செருப்புதான் முதலில் தேய்கிறது. இடது கால் செருப்பு புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். தூக்கிப் போட மனசு வராமல் ஒரு அட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார். பதினோரு இடது கால் செருப்புகள். என்றைக்காவது உதவும் என்கிறார்.

பழக வருபவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. காரணப் பெயர்தான். வீட்டில் டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடினால் அண்ணியின் வலது கால் தரையை அழுத்தும். பஸ்ஸில் போகும்போது முன் இருக்கையின் கம்பியை அழுத்தும். ஒருமுறை பல் டாக்டரிடம் நாற்காலி மெல்லப் பின்னால் சாய்ந்தபோது கால்மிதியை ஓங்கி மிதித்து, அதில் ஒரு திருகு கழன்றே விட்டது.

நாள் முழுக்கப் பேச்சுதான் பிழைப்பு. “கிளட்ச்ச விடுங்க... மெதுவா... மெதுவான்னா என்னன்னு தெரியுமா சார் உங்களுக்கு?” காலை ஆறரையிலிருந்து இதே பல்லவி. பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டும், தைரியசாலிகளைப் பயமுறுத்த வேண்டும். வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும். அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாயில் திருகைக் கவ்விக்கொண்டு வேலை செய்து பழகியவர், திருகு இல்லாத நேரத்திலும் வாயைத் திறப்பதில்லை. ஆக, வீட்டில் பேச்சு மொத்தமும் என் தலையில்தான்.

அந்தப் பல் டாக்டர் சமாசாரத்தின்போதுதான் நான் அண்ணியின் போனில் ‘நாலு மூலை’ என்ற விளையாட்டை ஏற்றிக்கொடுத்தேன். ஒன்பது வருடம் ஆகிறது. கன்னம் வீங்கி, உள்ளே கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று அண்ணி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கொஞ்சம் கவனம் திரும்பட்டும் என்று நான் செய்த வேலை அது. செய்த பாவம் என்று பிறகு பல தடவை என்னையே திட்டிக்கொண்டதும் உண்டு.

விளையாட்டு இதுதான். நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை மாடி வீட்டுக்கு ஏற்ற வேண்டும். ஒரு சோபா என்றால் ஆளுக்கு ஒரு மூலை. அந்த நான்கு பேரும் எங்கெங்கோ இருந்து அவரவர் போனில் விளையாடுபவர்கள். ஒருத்தர் வேகமாகப் போனால் இன்னொருத்தர் மூலை சுவரில் இடிக்கும். பேச வழி கிடையாது, எழுதவும் வழி கிடையாது. தூக்கு, இறக்கு, நட, உட்கார் என்று நான்கே பொத்தான். மூலையை ஒருமுறை இறக்கினால் ‘நில்லு’ என்று அர்த்தம், இரண்டு முறை என்றால் ‘திரும்பு’. இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, விளையாடுகிறவர்களே ஏற்படுத்திக்கொண்டது. அதேபோல் இன்னொரு வழக்கமும் வந்தது. எல்லாச் சாமானும் ஏற்றி முடித்த பிறகு நான்கு பேரும் அந்த சோபாவில் வரிசையாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு மதிப்பெண் எதுவும் கிடையாது. சும்மா உட்காருவதுதான்.

மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் யாரும் கார் பழக வர மாட்டார்கள். அண்ணி வெள்ளைக் காரை ஒரு கிடங்குச் சுவரோரம் மர நிழலில் நிறுத்திவிட்டு, டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, போனை எடுப்பார். அந்த நேரத்துக்கு மூன்று பேர் அமைந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் ‘அதே ஆட்கள்’ என்று ஒரு பொத்தான் வரும். நான்கு பேரும் அழுத்தினால் மறுநாளும் அதே நான்கு பேர் சேரலாம். அண்ணியும் அந்த மூன்று பேரும் ஆறு வருடம் நாள் தவறாமல் அதை அழுத்தினார்கள்.

அவர்களுக்கு விளையாட்டில் வெறும் எண்தான் பெயர். அண்ணி தானாகப் பெயர் வைத்துக்கொண்டார். முதல் ஆள் மஞ்சத்தொப்பி; விளையாட்டே அந்தப் பொம்மைக்கு இலவசமாகப் போட்டுவிட்ட தொப்பி மஞ்சள். அடுத்தது அவசரக்குடுக்கை, மற்றவர்கள் குனிவதற்குள் தூக்கிவிடுகிறவர். கடைசி ஆள் தூங்குமூஞ்சி. எல்லோரும் தூக்கிய பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் அந்த மூலை எழும்பும். ஆணா பெண்ணா, பக்கத்துத் தெருவா கடலுக்கு அந்தப் பக்கமா, ஒன்றும் தெரியாது. ஆனால் சாயங்காலம் வீட்டில் செய்தி மட்டும் தினமும் வரும்.

“இன்னிக்கு அவசரக்குடுக்கை பீரோவைக் கொண்டுபோய் கதவுல இடிச்சிடுச்சு. தூங்குமூஞ்சி மட்டும் கொஞ்சம் நின்னதால தப்பிச்சோம்.”

“யாரு அண்ணி அது, உங்க ஸ்கூல்ல புதுசா சேர்ந்தவங்களா?” என்று நான் வேண்டுமென்றே கேட்பேன்.

“உனக்குப் பொறாமை,” என்பார்.

எனக்குப் பொறாமைதான். ஒத்துக்கொள்கிறேன்.

தன் அப்பா இறந்து ஐந்தாம் நாளே அண்ணி வேலைக்குத் திரும்பினார். போகாதீர்கள் என்று நானும் அண்ணனும் சொல்லிப் பார்த்தோம். மதியம் காரில் உட்கார்ந்து ஆட்டத்தைத் திறந்தவருக்குப் பாதிப் படிக்கட்டில் கை ஓடவில்லை. சோபாவின் மூலை அப்படியே தொங்கி நின்றது. மற்ற எந்தக் கூட்டமாக இருந்தாலும் ஆட்டத்தை முறித்துக்கொண்டு வேறு ஆள் தேடிப் போயிருக்கும். இவர்கள் மூன்று பேரும் தங்கள் மூலைகளை மெல்ல இறக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் சோபாவை வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தார்கள். நாலாவது இடத்தைக் காலியாக விட்டு, பதினோரு நிமிடம் அப்படியே இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. ‘என்ன ஆச்சு’ என்று கேட்கவும் வழியில்லை. அண்ணி காரில் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு, ஆட்டத்தில் அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்தாராம்.

“நம்ம வீட்டுல எல்லாரும் ஆறுதல் சொன்னீங்க. எனக்கு யாராவது சும்மா இருக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு,” என்றார் பிறகொரு நாள் என்னிடம். அதிகம் ஆறுதல் சொன்னவள் நான். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இனி இந்த விளையாட்டை நடத்தும் கம்பெனிக்காரன் கதைக்கு வருகிறேன். முதல் வருடம் அவன் நல்லவன். எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் திரையின் ஓரத்தில் ஒரு பட்டை விளம்பரம் வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஆட்டம் முடிந்ததும் அரை நிமிட விளம்பரம் வந்தது. சரியாக சோபாவில் உட்காரும் நேரம் பார்த்து! நான்கு பேரும் உட்கார்ந்ததும் பல் தேய்க்கும் பசை வந்து நிற்கும், அது போனதும் ஆட்டமே மூடிவிடும். அண்ணிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டே நாளில் தூங்குமூஞ்சி ஒரு வழி கண்டுபிடித்தது. வீட்டு வாசலைத் தாண்டினால்தானே ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு? கடைசிப் படி திருப்பத்தில் சோபாவை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மற்றவர்களும் புரிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து முதலில் உட்காருவது, பிறகு கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஆயிற்று.

அடுத்து தொப்பி, கையுறை, பூப்போட்ட சோபா என்று கடை திறந்தான். நானும் ஆசைப்பட்டுத் தங்கக் கையுறை ஒன்று வாங்கினேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கை அரிக்குதா?” என்று மட்டும் கேட்டார். அலங்காரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆறு மாதத்தில் தங்கக் கையுறைக்குப் பலமும் வந்துவிட்டது. அதைப் போட்டவர் ஒரே ஆளாக இரண்டு மூலை தூக்கலாம். அப்புறம் கூலிக்கு இயந்திர ஆள் வந்தான். மூன்று பேரும் வேண்டாம், காசு போட்டால் அவனே மூன்று மூலையும் பிடிப்பான். அப்புறம் லிப்ட் வந்தது, காசு போட்டால் படியே ஏற வேண்டாம். யார் யாரோ சேர்ந்து தூக்குவதற்காகக் கட்டிய விளையாட்டில் எதையும் தூக்காமல் இருப்பதற்குக் காசு வாங்கினான். நான் ஒரு வாரம் லிப்டில் போய்ப் பார்த்தேன். பத்து வீடு மாற்றினேன், பத்திலும் ஒருத்தர் முகம்கூட ஞாபகம் இல்லை. சலித்துப்போய் அழித்துவிட்டேன்.

அண்ணியின் நான்கு பேர் எதையும் வாங்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோபா, படியேறித்தான். அவர்களிடமிருந்து கம்பெனிக்காரனுக்கு ஆறு வருடத்தில் செல்லாக் காசுகூடப் போகவில்லை. அதுதான் அவன் கண்ணை உறுத்தியதோ என்னவோ, கடைசியில் அடிமடியிலேயே கைவைத்தான். ஒரு ஆட்டத்துக்கு மூன்று நிமிடம்தான் என்று கடிகாரம் வைத்தான். அது வந்த முதல் நாள் இவர்களுக்குத் தெரியாது. வழக்கம்போலப் படி திருப்பத்தில் உட்கார்ந்திருந்தபோது சோபா திடீரென்று நழுவி மாடியிலிருந்து கீழே போய் விழுந்தது. ஆறு வருடத்தில் முதல் தோல்வி.

“நாலு பேரும் எட்டிப் பார்த்தோம். பார்த்துட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தோம்,” என்று அண்ணி சொன்னார். அந்தப் பொம்மைகளுக்கு மூஞ்சி வெறும் இரண்டு புள்ளிதான்.

அதோடு விட்டானா? ‘அதே ஆட்கள்’ பொத்தான் ஒன்றாம் தேதி முதல் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்று அறிவிப்பு வந்தது. நான்கு பேரும் கட்ட வேண்டும். சந்தா சின்னத் தொகையும் இல்லை. அண்ணி நான்கு நாள் தொண்டை கிழியக் கத்தினால்தான் அவ்வளவு கிடைக்கும். அப்படியே இவர் கட்டினாலும் மற்ற மூன்று பேரையும் கட்டச் சொல்ல வழி ஏது? பொத்தான் போனால் அவர்கள் போனார்கள். பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. எங்கே என்று தேடுவது?

“போனாப் போகுது அண்ணி. ஒரு விளையாட்டுதானே?” என்றேன்.

“ஆமா, விளையாட்டுதான்,” என்றார். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

முப்பதாம் தேதி நானும் அந்தக் காரில் இருந்தேன். அண்ணியிடம் நான் கார் பழகுவது அது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டும் சண்டையில் முடிந்தவை. இரண்டு மணிக்கு மர நிழலில் நிறுத்தினோம். அண்ணி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. போனை எடுத்து இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

நான்கு பேரும் வந்தார்கள். அன்றைக்கு அவசரக்குடுக்கைகூட அவசரப்படவில்லை. ஒன்றரை நிமிடத்தில் படி திருப்பம் வந்துவிட்டது. இறக்கினார்கள், உட்கார்ந்தார்கள். மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது விநாடி இருக்கும்போது ஒரு பெட்டி எழும்பியது. இன்னும் மூன்று நிமிடம் வேண்டுமா? விலை, ஒரு டீ குடிக்கும் காசு.

“வேணும்னு அமுக்கவா?” என்றார் அண்ணி. அமுக்கினார். உடனே, பணம் எதில் கட்டுவீர்கள் என்று கேட்டது. இத்தனை வருடம் ஒரு காசு கொடுக்காதவர் போனில் எந்த விவரமும் இல்லை. “ஐயோ, எப்படிப் போடறது இதுல? சீக்கிரம் சொல்லேன்!” கார்டை என் பையில் தேடினேன். பத்து. எட்டு. கார்டு கிடைத்தது, மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை. நாலு. மூன்று.

கடிகாரம் நின்றது. பிறகு மூன்று நிமிடம் கூடியது. கீழே சின்ன எழுத்தில், மூன்றாம் எண்காரர் நேரம் வாங்கித் தந்திருக்கிறார் என்று இருந்தது.

“தூங்குமூஞ்சி,” என்றார் அண்ணி.

அந்த மூன்று நிமிடத்துக்குள் என் கார்டு எண்ணை ஏற்றிவிட்டோம். அடுத்த மூன்று நிமிடம் அண்ணி வாங்கினார். அதற்கடுத்தது மஞ்சத்தொப்பி. அவசரக்குடுக்கை தன் முறை வருமுன்பே ஐந்து தடவைக்கானதை ஒரே மூச்சில் வாங்கித் தள்ளியது. இப்படி மாறி மாறி வாங்கியதில் இரண்டே முக்கால் ஆயிற்று. மூன்று மணிக்குப் பழக வரும் தையல்காரர் கார்க் கண்ணாடியைத் தட்டினார். அண்ணி அவரைப் பார்க்காமலே கையை உயர்த்திக் காட்டினார். அவர் என்ன நினைத்தாரோ, பாவம், சுவரோரம் போய் நின்றுகொண்டார். திரையில் நான்கு பொம்மைகள் ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. நானும் அழுதேன், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்று பத்துக்கு மஞ்சத்தொப்பி எழுந்தது. நான்கு பேருமாக சோபாவைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தார்கள். விளம்பரம் வந்தது. அண்ணி போனைப் பைக்குள் போட்டுவிட்டு, “வாங்க சார், சாரி, லேட்டாயிடுச்சு,” என்று தையல்காரரைக் கூப்பிட்டார்.

அடுத்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் சாயங்காலச் செய்தி இல்லை. இரண்டு மணிக்கு அண்ணி பழைய பேப்பர் படித்தார். பழக வந்தவர்களிடம் எரிந்து விழுந்தார்; இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அண்ணனே வாயைத் திறந்து, “அவளுக்கு என்னாச்சு?” என்று என்னிடம் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நானே மறுபடி அந்த விளையாட்டை ஏற்றி, இரண்டு மணிக்கு வருகிற எல்லாக் கூட்டத்திலும் புகுந்து, மெதுவாகத் தூக்குகிற ஒரு ஆளைத் தேடிப் பார்த்தேன். கிடைத்தவர்கள் எல்லாம் இயந்திர ஆட்கள்.

மூன்றாம் மாதம் ஒரு நாள், நான் ஸ்டியரிங்கில் இருக்கும்போது, அண்ணியின் போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். காரை ஓரம் கட்டி வாங்கிப் பார்த்தேன். ‘சோபா நேரம்’ என்று பெரிய எழுத்தில் புதுச் சரக்கு. உங்கள் பழைய நண்பர்களோடு, பழைய படிக்கட்டில், பத்து நிமிடம். ஒருவர் வாங்கினால் போதும், மற்ற மூவரையும் நாங்கள் அழைக்கிறோம். விலையும் போட்டிருந்தது. ஒரு ஆளுக்கு நல்ல சாப்பாடு வாங்கலாம்.

கம்பெனிக்காரன் வேலைதான் இது. எதற்கு ஜனங்கள் அதிகம் காசு கொடுத்தார்கள் என்று கணக்கைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். லிப்டுக்கு இல்லை, தங்கக் கையுறைக்கு இல்லை, அந்த முப்பதாம் தேதி சும்மா உட்கார்ந்ததற்கு. உடனே அதையே பெட்டியில் போட்டு விலை எழுதிவிட்டான்.

“அண்ணி, இது பகல் கொள்ளை. நீங்க அழுததைப் பார்த்து உங்க கிட்டயே விக்கறான். நல்லா தலையில மிளகாய் அரைக்கறாங்க. அழிச்சுடுங்க அந்தக் கண்றாவிய.”

“கீழ படி,” என்றார் அண்ணி.

கீழே சின்ன எழுத்தில் இருந்தது: மூன்றாம் எண்காரர் உங்களுக்காக இடம் வாங்கியிருக்கிறார். வருகிறீர்களா?

“கொள்ளைக்காரப் பாவிங்கதான், எனக்குத் தெரியாதா?” என்றார் அண்ணி. “ஆனா தூங்குமூஞ்சி காசு கட்டிட்டு அங்க தனியா உட்கார்ந்திருக்கு. நான் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?” போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் விடவில்லை. அடுத்த மாதம் விலையை ஏற்றுவான், அதற்கடுத்த மாதம் பத்து நிமிடத்தை ஐந்தாக்குவான் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

“ஏத்தட்டும். அடுத்த மாசம் என் முறை, அப்ப பார்த்துக்கலாம்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே என் முழங்கையை லேசாகத் தட்டினார்.

“இப்ப கொஞ்சம் பேசாம இரும்மா. எல்லாரும் வந்துட்டாங்க.”